கடல் இல்லாத ஊரிலும் கம்பி துருப்பிடிக்கும்

மதுரைக்காரர்களுக்குக் கடல் என்றால் ராமேஸ்வரம்தான். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்குப் போவோம். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்தால் போவோம். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால் கூட்டிக்கொண்டு போவோம். மண்டபம் தாண்டியதும் ரயில் மெதுவாகும். தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்பி "பாம்பன் வந்துருச்சு" என்பார்கள். எல்லோரும் தண்ணீரைப் பார்ப்பார்கள். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தில் வரவு செலவு பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்த பிறகு, நான் பாலத்தின் இரும்பைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

பழைய பாலம் 1914-ல் திறக்கப்பட்டது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளோடு ஒரு ரயிலே கடலுக்குள் போனது. பாலமும் சரிந்தது. அப்போது இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் 46 நாளில் அதை மறுபடி நிமிர்த்தினார். அதற்கப்புறமும் அரை நூற்றாண்டுக்கு மேல் அதில் ரயில் ஓடியது. இரும்பை அதிகம் தின்னும் காற்று அடிக்கிற இடங்களில், அமெரிக்காவின் மியாமிக்கு அடுத்தபடி பாம்பன்தான் என்று ரயில்வேயில் சொல்வார்கள். அந்தக் காற்றில் ஒரு பாலம் நூறாண்டு தாண்டி நின்றதற்கு வெள்ளைக்காரன் காலத்து இரும்புதான் காரணம் என்று நம் ஆட்கள் பெருமையாகப் பேசுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுரண்டுவது, பெயிண்ட் அடிப்பது, அரித்துப்போன துண்டை மாற்றுவது, மறுபடி சுரண்டுவது என்று வேலை ஓய்ந்ததே இல்லை. அதற்கென்று ஆள் இருந்தார்கள், அதற்கென்று பணம் ஒதுக்கப்பட்டது. இனித் தாங்காது என்றபோது, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்சேன் பூச்சு, வெல்டிங் இணைப்பு என்று ஒவ்வொன்றும் உப்பை மனதில் வைத்துச் செய்தது.

பாலத்துக்கு ஒரே சொந்தக்காரர். அதே மாதிரி உப்புக் காற்றில், 136 வீட்டுச் சொந்தக்காரர்கள் சேர்ந்து ஒரு கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தால் என்ன ஆகும்? மியாமியிலேயே அது நடந்தது.

மியாமி பீச்சுக்கு வடக்கே, கடலை ஒட்டி சர்ஃப்சைடு என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1981-ல் கட்டி முடித்த 12 மாடிக் குடியிருப்பு, சாம்ப்ளைன் டவர்ஸ் சவுத். பால்கனியில் நின்றால் அட்லாண்டிக் கடல். தரைமட்டத்தில் நீச்சல் குளம், அதைச் சுற்றி நடக்க ஒரு தளம், அதற்கு அடியில் கார் நிறுத்துமிடம். 2018-ல் ஒரு பொறியாளர் வந்து பார்த்து அறிக்கை கொடுத்தார். அந்தக் குளத்துத் தளத்துக்கு வாட்டம் கொடுக்காமல் மட்டமாகப் போட்டிருக்கிறார்கள், தண்ணீர் வடியாமல் தேங்குகிறது, கீழே உள்ள கான்கிரீட் பெரிய அளவில் கெட்டுவிட்டது என்று எழுதினார். இதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். வாட்டம் சரியில்லாத மொட்டைமாடி என்பது மதுரையில் எந்தக் கொத்தனாரும் வாரம் ஒரு தடவை பேசுகிற விஷயம்.

அறிக்கை வந்த பிறகு அங்கே நடந்தது எல்லாச் சங்கங்களிலும் நடப்பதுதான். இவ்வளவு செலவு தேவையா என்றார்கள். வேறு ஒருவரிடம் மதிப்பீடு வாங்கலாம் என்றார்கள். சண்டை முற்றி, 2019-ல் நிர்வாகக் குழுவின் ஏழு பேரில் ஐந்து பேர் விலகினார்கள். 2021 ஏப்ரலில் சங்கத் தலைவர் எல்லோருக்கும் கடிதம் எழுதினார்: முதலில் பார்த்ததைவிடச் சேதம் மிகவும் கூடியிருக்கிறது, செலவு 15 மில்லியன் டாலர். வீட்டின் அளவைப் பொறுத்து ஒவ்வொருவரும் 80 ஆயிரம் டாலரிலிருந்து 3 லட்சம் டாலருக்கு மேல் வரை கொடுக்க வேண்டும். ஜூலை 1 கெடு. அதற்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 24 அதிகாலை ஒன்றரை மணி வாக்கில், கட்டடத்தின் ஒரு பகுதி அப்படியே உட்கார்ந்துவிட்டது. 98 பேர் செத்துப்போனார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள்.

துரு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. விசாரணையில், அந்தக் குளத்துத் தளம் வரைபடத்திலேயே பலம் குறைவாக இருந்தது தெரியவந்தது. முதலில் போனதும் அதுதான் என்று ஆதாரங்கள் காட்டுகின்றன. ஆனால் எச்சரிக்கை கையில் இருந்தது, மூன்று வருஷம் இருந்தது. அந்த மூன்று வருஷம்தான் என்னை இன்றைக்கும் உறுத்துகிறது. அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்கள், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு ஊரில் இருக்கிறவர்கள், அடுத்த வருஷம் விற்றுவிட்டுப் போக நினைத்தவர்கள். எங்கள் கட்டடத்திலும் இந்த மூன்று வகையும் இருக்கிறார்கள்.

கம்பி எப்படிக் கெடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீடு வாங்குகிற பெரும்பாலோருக்கு இதை யாரும் சொல்வதில்லை. சிமென்டுக்கு இயற்கையாகவே காரத்தன்மை உண்டு. அது இருக்கும்வரை உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்காது. உப்பில் இருக்கிற குளோரைடு உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டுவிட்டால் அந்தக் காவல் போய்விடும். அப்புறம் ஈரமும் காற்றும் போதும். துரு என்பது இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அது உள்ளிருந்து நெட்டித் தள்ளும்போது கான்கிரீட் வெடித்து உதிர்கிறது. அதனால்தான் கம்பிக்கு மேல் எத்தனை கனத்துக்குக் கான்கிரீட் மூட வேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456-ன்படி, வறண்ட உள்நாட்டில் சாதாரண நிலைமைக்கு 20 மில்லிமீட்டர் போதும். கடற்கரைக் காற்று நேரடியாகப் படும் இடத்துக்கு 45 மில்லிமீட்டர், அலைத்துளி தெறிக்கும் இடத்துக்கு 50. கான்கிரீட்டும் அங்கே எம்-30, எம்-35 என்று கூடுதல் பலத்தில் இருக்க வேண்டும். சென்ட்ரிங் பலகைக்கும் கம்பிக்கும் நடுவில் வைக்கிற சின்ன சிமென்ட் வில்லை, கவர் பிளாக், இந்த 45 மில்லிமீட்டரைக் காப்பாற்றுவது அதுதான். கான்கிரீட் போடுகிற அன்றைக்கு அவசரத்தில் முதலில் மறக்கப்படுவதும் அதுதான்.

நமக்கென்ன, நாம் கடலிலிருந்து தூரத்தில்தானே இருக்கிறோம் என்று மதுரையில் பலர் நினைக்கிறார்கள். போர்வெல்லில் வருகிற தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று இரண்டு குழாய் வைத்து வாழ்கிற ஊர் இது. வீடு கட்டும்போது கலவைக்கும், போட்ட கான்கிரீட்டை நனைப்பதற்கும் பெரும்பாலும் அந்த உப்புத் தண்ணிதான் ஓடியிருக்கும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்று அதே ஐ.எஸ். 456 சொல்கிறது. தண்ணீரைச் சோதித்துவிட்டுக் கட்டியவர்கள் எத்தனை பேர்? கடல் நம் கட்டடத்துக்குள் கட்டும் அன்றைக்கே வந்துவிடுகிறது.

எங்கள் கட்டடம் தொண்ணூறுகளின் கடைசியில் பைபாஸ் ரோட்டுப் பக்கம் எழும்பியது. கீழே கார் நிறுத்தும் இடம், மேலே நான்கு மாடி. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துத் தூணில் உப்புப் பூத்து, பூச்சு உதிர்ந்தது. வழக்கமாக வேலை பார்க்கும் கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, "மேல ஒரு பூச்சு பூசி பெயிண்ட் அடிச்சுட்டா சரியாப் போயிரும்ணே" என்றார். அவர் சொன்னபடி முன்பும் இரண்டு பூச்சு விழுந்திருந்தது. இந்தத் தடவை ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட்டோம். அவர் பையிலிருந்து சின்னச் சுத்தியலை எடுத்துத் தூணைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போனார். முதலில் டொக் டொக் என்று கேட்டது. முழங்கால் உயரத்தில் சத்தம் மாறி, பொத் பொத் என்றது. அங்கே உளி வைத்து ஒரு தட்டு தட்டினார். உள்ளங்கை அளவு கான்கிரீட் கையோடு வந்தது. உள்ளே கம்பி பரோட்டா மாதிரி அடுக்கடுக்காக உரிந்தது. உரிந்ததையெல்லாம் தட்டி எடுத்துவிட்டு, வெர்னியர் அளவுகோலால் மிச்சக் கம்பியின் கனத்தை அளந்து காட்டினார். 16 மில்லிமீட்டர் கம்பி, 12-க்கும் கீழே போயிருந்தது. தொட்டியிலிருந்து கசிந்த உப்புத் தண்ணி வருஷக்கணக்கில் குடித்த வேலை அது. கொத்தனார் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இதுக்கு மேல பூசியிருந்தா பாவம்ணே" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்திலேயே நாற்காலி போட்டுக் கூட்டம். வீட்டுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் ஆகும் என்றதும் பேச்சு நின்றுபோனது. முதல் மாடித் தலைமையாசிரியர் சார்தான் முதலில் பேசினார். "தம்பி, நான் இன்னும் எத்தனை வருஷம் இருக்கப் போறேன்? இதைக் குடுத்துட்டு மருந்துக்கு யாருகிட்டப் போய் நிக்கிறது?" அவரிடம் என்னால் எதிர்ப்பேச்சுப் பேச முடியவில்லை. அவர் சொன்னதில் பொய்யே இல்லை. துபாயிலிருந்து வீடியோவில் வந்தவர், வாடகைக்கு இருப்பவர்தான் பாதிக் காசு தர வேண்டும் என்றார். மூன்றாம் மாடி அக்கா எழுந்து, "தூணு உங்க பேர்லயா என் பேர்லயான்னு பார்த்து விழாது" என்றார். அன்றைக்குப் பணம் சேர்ந்ததற்கு என் கணக்கைவிட அந்த ஒரு பேச்சுதான் காரணம். தலைமையாசிரியர் சாருக்கு மட்டும் மாதாமாதம் கொஞ்சமாகக் கட்டலாம் என்று முடிவு செய்தோம்.

பழைய கட்டடங்களைப் பற்றிப் பேசும்போது, அந்தக் காலத்தில் எப்படிக் கட்டியிருக்கிறார்கள் பார் என்று பெருமூச்சு விடுவது வழக்கம். அதில் பாதி உண்மை. தரங்கம்பாடியில் 1620-லிருந்து நிற்கிற டேனிஷ் கோட்டைக்குள்ளும் புதுச்சேரியின் பழைய வீடுகளுக்குள்ளும் கம்பி கிடையாது. செங்கல், சுண்ணாம்பு, தேக்கு. துருப்பிடிக்க அதில் ஒன்றும் இல்லை. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சுவருக்குள் ஏறிய உப்புத் தண்ணீர் பூச்சின் வழியாக வெளியேறி, பூச்சு மட்டும் உதிரும், செங்கல் தப்பிக்கும். உதிர்ந்த பூச்சை மறுபடி பூச வேண்டும், அவ்வளவுதான். இப்போது என்ன செய்கிறார்கள் என்றால், அந்தச் சுவருக்கு மேல் சிமென்டைப் பூசி அடைத்துவிடுகிறார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு உள்ளேயே படிந்து செங்கல்லையே மாவாக்குகிறது. பழைய வீட்டை வாங்கி "பலப்படுத்துகிறேன்" என்று சிமென்ட் பூசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே வயிறு எரிகிறது.

மற்றப் பாதி, எந்தக் கட்டடமும் தானாக நிற்பதில்லை என்பது. புதுச்சேரி கடற்கரையில் நகராட்சி அலுவலகமாக இருந்த மேரி கட்டடம் பிரெஞ்சுக்காரர் காலத்தது. கவனிப்பில்லாமல் விட்டு, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் விழுந்தது விழுந்ததுதான். நம் திருமலை நாயக்கர் மகாலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1636-ல் கட்டியது. பேரன் சொக்கநாதர் காலத்தில் ஒரு பகுதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். மிச்சம் பாழடைந்து கிடந்ததைச் சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு 1866-க்கும் 1872-க்கும் இடையில் செலவு செய்து மீட்டார். இன்று நாம் பார்ப்பது மொத்தத்தில் நாலில் ஒரு பங்குதான் என்கிறார்கள். அந்த நாலில் ஒரு பங்கும் இருப்பதற்குக் காரணம், ஒரு கட்டத்தில் ஒருவர் பணம் ஒதுக்கியது.

மீனாட்சி கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக் கூடாது என்று விதி இருக்கிறது. அதனால்தான் அடுக்குமாடிகள் கே.கே. நகர், பைபாஸ் ரோடு, திருப்பாலை என்று வெளியே போயின. அந்த விதி கோபுரத்தின் காட்சியைக் காப்பாற்றியது, அதற்கு நன்றி. மாசி வீதிகளுக்குள் இருந்த திண்ணை வைத்த மச்சு வீடுகளை அது காப்பாற்றவில்லை. அவை பங்கு பிரிந்து, இடிந்து, மூன்று மாடி லாட்ஜுகளாகவும் ஜவுளிக் கிட்டங்கிகளாகவும் ஆகிவிட்டன.

பங்கு என்றதும் காரைக்குடிப் பக்கம் போகாமல் இருக்க முடியாது. செட்டிநாட்டு வீடு என்றால் பர்மா தேக்கு, ஆத்தங்குடித் தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுவர் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்த வீடுகள் குடியிருக்கப்பட்ட விதம். மகனுக்குக் கல்யாணம் ஆனால் அவன் ஒரு புள்ளி, அதாவது கணக்கில் ஒரு தனிக் குடும்பம். வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றி உள்ள, இரண்டு அறை கொண்ட இரட்டை வீட்டில் ஒன்று அந்தப் புள்ளிக்கு. அண்ணன் தம்பி ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் உலை தனி, கணக்கு தனி. முகப்பு, வளவு, கிணறு, தெருவாசல் எல்லாம் பொது. நூறு வருஷத்துக்கு முந்தைய அடுக்குமாடிக் குடியிருப்பு அது, மாடியாக அடுக்காமல் கட்டுக்கட்டாகப் பின்னால் நீண்டது. அதே தொந்தரவும் அதில் இருந்தது. நாலு புள்ளி நாற்பதானது. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். ஓடு மாற்ற வேண்டும் என்றால் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தால் ஒரு மழை, இரண்டு மழை, அப்புறம் உத்திரம் உளுத்துவிடும். கடைசியில் எல்லோரும் ஒத்துப்போவது விற்பதற்குத்தான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் சாய்த்து வைத்திருக்கிற கதவுகளையும் தூண்களையும் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் பங்காளிகள் ஒரு மேசையில் உட்கார முடியாமல் போனதன் மிச்சம். 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. பட்டியல் ஓடு மாற்றித் தராது.

ஆனால் நிற்கிற வீடுகளும் இருக்கின்றன. கானாடுகாத்தான் பக்கத்தில் என் நண்பனின் வீட்டில், படப்பிடிப்புக்கும் கல்யாணத்துக்கும் விடுகிற வாடகையைப் பங்காளிகள் யாரும் தொடக் கூடாது என்று அவனுடைய பெரியப்பா காலத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். அது நேராக வங்கியில் வீட்டுப் பேரில் போகிறது. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் ஓட்டுக்காரர் ஏறிப் பார்த்துவிட்டு இறங்குகிறார். சண்டை அந்த வீட்டிலும் உண்டு. கூரையைப் பற்றி மட்டும் சண்டை இல்லை.

சர்ஃப்சைடுக்குப் பிறகு ஃப்ளோரிடா மாநிலம் 2022-ல் சட்டம் கொண்டுவந்தது. மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்புகள் 30 வருஷம் ஆனதும் கட்டமைப்புச் சோதனை செய்தாக வேண்டும். கடலோரத்தில் 25 வருஷத்திலேயே உள்ளூர் நிர்வாகம் கேட்கலாம். கூரை, தூண், நீர்க்காப்பு போன்றவற்றுக்குச் சேமிப்பு நிதி கட்டாயம். முன்பு உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு அந்த நிதியைத் தள்ளுபடி செய்துகொள்ளலாம், அந்த வாசலை அடைத்துவிட்டார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் அதன் சுமை யார் தலையில் விழுகிறது? பல வருஷப் பாக்கி ஒரே நேரத்தில் பில்லாக வந்தபோது, ஓய்வூதியக்காரர்கள் விற்றுவிட்டுக் கிளம்ப வேண்டிவந்தது. மொத்தக் கட்டடத்தையும் வாங்கி இடித்து, பெரிய கோபுரம் எழுப்பக் காத்திருக்கிற கட்டுமானக்காரர்களுக்கு அது வசதி. பக்கத்து மியாமி பீச்சில் 1930-களின் ஆர்ட் டெக்கோ பாணிக் கட்டடங்களைக் காப்பாற்ற பார்பரா கேப்பிட்மன் என்ற அம்மாள் போராடி, 1979-ல் அந்த வட்டாரத்தை வரலாற்றுச் சிறப்பிடங்களின் தேசியப் பதிவேட்டில் ஏற்ற வைத்தார். அப்படிப்பட்ட கரையில், பராமரிக்காமல் விட்ட பாக்கியே இடிப்பதற்குக் காரணமாகிறது.

இங்கேயும் அந்தக் காற்று அடிக்கிறது. தமிழ்நாட்டில் 1994-ன் அடுக்குமாடிச் சட்டத்துக்குப் பதிலாக 2022-ல் புதுச் சட்டம் வந்தது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒத்துக்கொண்டால் போதும். ஒருவர் மறுத்து, மற்ற எல்லோரும் ஆபத்தில் இருக்க வேண்டிய நிலைமைக்கு இது தேவைதான். ஆனால் எங்கள் தெருவிலேயே முப்பது வயதுகூட ஆகாத கட்டடங்களில் "எதுக்குச் செலவு, எப்படியும் இடிச்சுக் கட்டிருவோம்" என்ற பேச்சு வந்துவிட்டது. நம் பத்திரத்தில் இருக்கிற யு.டி.எஸ்., பிரிக்கப்படாத நிலப்பங்கு, அதற்கு மட்டும்தான் மதிப்பு என்று நினைக்கிறார்கள். சாம்ப்ளைன் டவர்ஸ் நின்ற நிலம் பிறகு 120 மில்லியன் டாலருக்கு விற்றது. நிலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் சங்கத்தில் இப்போது பராமரிப்புக் கட்டணத்தோடு சதுரஅடிக்கு ஒரு ரூபாய் தனியாக வாங்கி, வைப்பு நிதியில் போடுகிறோம். மூன்று கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாது. லிஃப்ட்டுக்கோ பொங்கல் விழாவுக்கோ அதைத் தொடுவதில்லை. மொட்டைமாடித் தட்டோட்டைப் பெயர்த்து, வாட்டம் சரிசெய்து போடுகிற வேலை அடுத்தது. அதற்கு மூன்று பேரிடம் மதிப்பீடு கேட்டிருக்கிறோம்.

என் அத்தை மகன் ஓய்வுபெற்றதும் புதுச்சேரிக் கடலோரம் பழைய குடியிருப்பு ஒன்றில் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார். இப்படிப் பலர் கேட்கிறார்கள், அதனால் அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். ஹாலில் நின்று கடலைப் பார்ப்பதற்கு முன்னால் கீழே கார் நிறுத்துமிடத்துக்குப் போங்கள். தூணின் அடிப்பக்கம், பால்கனியின் கீழ்ப்பக்கம், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, இந்த மூன்று இடத்திலும் பழுப்புக் கறையோ நீளவாக்கில் விரிசலோ இருக்கிறதா பாருங்கள். கம்பி போகிற திசையிலேயே விரிசல் போனால் உள்ளே துரு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் ஒரு சாவியால் தட்டிக் கேளுங்கள். கடைசியாகப் பொறியாளர் எப்போது வந்தார், என்ன எழுதினார் என்று கேளுங்கள். பத்திரம் பார்க்கும் வக்கீலிடம் காட்டுகிற அக்கறையோடு, சங்கத்தின் கடைசி மூன்று வருஷ வரவு செலவுக் கணக்கையும் வாங்கி, சேமிப்பு நிதி என்று தனியாக ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். கணக்கைத் தர மாட்டோம் என்றால் அந்த வீடு வேண்டாம்.